ஊருக்குள் பசுமைப் பாதை வலையமைப்பு: வரைபடத்திலிருந்து பராமரிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஓடைக்கரை ஓரமாகவோ, கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மீதோ, பூங்காக்களுக்கு இடையிலோ, மோட்டார் வாகனங்கள் நுழையாதபடி தார் அல்லது கான்கிரீட் தளமிட்டு அமைக்கப்படும் அகலமான பாதையே பசுமைப் பாதை. நடப்பவர், ஓடுபவர், மிதிவண்டியில் செல்பவர், சக்கர நாற்காலியில் வருபவர், குழந்தை வண்டியைத் தள்ளி வருபவர் என அனைவரும் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இப்படி ஒரு பாதை மட்டும் இருந்தால் அதைப் பூங்காவின் ஒரு வசதியாகவே கொள்ள வேண்டும். பல பாதைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வீடு, பள்ளி, நூலகம், கடைத்தெரு, பேருந்து நிலையம் ஆகியவற்றை எட்டும்போதுதான் அது வலையமைப்பு ஆகிறது.

நகர நிர்வாகங்கள் தங்கள் பாதைகளைக் கிலோமீட்டர் கணக்கில் சொல்லவே விரும்புகின்றன. பயன்படுத்துபவர் அப்படி அளப்பதில்லை. பத்து கிலோமீட்டர் நீளமுள்ள நல்ல பாதையின் நடுவே, நான்கு தடச் சாலை ஒன்றைக் குழந்தையோடு கடக்க வேண்டிய ஐம்பது மீட்டர் இருந்தால், அந்த ஐம்பது மீட்டரே முழுப் பாதையின் தரத்தையும் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி இணைப்புகளுக்கும் சாலைக் கடப்புகளுக்கும் அதிக இடம் கொடுக்கிறது. பெஞ்சு, பெயர்ப்பலகை, செடி வகை போன்றவற்றைச் சுருக்கமாகவே தொடுகிறது.

படி 1: பாதை எதற்கு என்பதை எழுத்தில் முடிவு செய்தல்

மாலையில் உலாவுவதற்கான பாதையும், காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போவதற்கான பாதையும் வடிவத்தில் வேறுபடும். முன்னது வளைந்து வளைந்து போகலாம், குளத்தைச் சுற்றி வரலாம், தொடங்கிய இடத்திலேயே முடியலாம். பின்னது நேராகப் போக வேண்டும், இருட்டிலும் மழைக்குப் பின்னும் பயன்பட வேண்டும், போய்ச் சேரும் இடம் ஒன்று இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பாதை செய்யும் என்று ஆவணத்தில் எழுதுவது எளிது. ஆனால் அகலம், விளக்கு, திறந்திருக்கும் நேரம் ஆகிய மூன்றிலும் பின்னதன் தேவையை நிறைவு செய்தால்தான் அந்த வாக்குறுதி நிற்கும். சூரியன் மறைந்ததும் மூடப்படும் பாதை, குளிர் நாடுகளில் ஆண்டின் பல மாதங்களுக்கு வேலைக்குச் செல்வோருக்குப் பயன்படாது என்பதைப் பல நகரங்கள் கட்டி முடித்த பிறகே உணர்கின்றன.

படி 2: நிலத்தில் ஏற்கெனவே இருக்கும் கோடுகளைத் தேடுதல்

வளர்ந்துவிட்ட ஊரில் மூன்று மீட்டர் அகலமும் பல கிலோமீட்டர் நீளமும் கொண்ட வெற்று நிலத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வேறு காரணங்களுக்காகக் கட்டடம் எழாமல் விடப்பட்ட நீண்ட கோடுகள் ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் உண்டு. ஓடைகளின் வெள்ளப்படுகை, பாதாள சாக்கடையின் முதன்மைக் குழாய் செல்லும் தடம், உயர் அழுத்த மின்கம்பித் தடம், பழைய ரயில் தடம், கால்வாய்க் கரை, பறக்கும் ரயில் பாதையின் அடிப்பகுதி ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவை ஒவ்வொன்றையும் தனித்தனி நிறத்தில் ஒரே வரைபடத்தின் மீது வரைவதே முதல் பணி. வரைந்து முடித்ததும் வலையமைப்பின் பாதி உருவம் தானாகவே கண்ணுக்குத் தெரியும்.

ஓடைக்கரையைப் பின்பற்றும் எண்ணம் பழையது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் என்ற பூங்கா வடிவமைப்பாளர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வடிவமைத்த பூங்காச் சங்கிலி, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூங்காக்களையும் நீர்நிலைகளையும் கோத்துச் செல்கிறது. அதன் ஒரு பகுதி சதுப்பு நிலத்தின் வெள்ளப் பிரச்சினையையும் கழிவுநீர்ப் பிரச்சினையையும் தீர்ப்பதற்காகவே எழுந்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகரான ராலி, 1970-களின் தொடக்கத்தில் இதே தர்க்கத்தை ஊர் முழுவதற்கும் விரித்தது. வெள்ளப்படுகையில் வீடு கட்ட விடாமல் ஓடைக்கரைகளைக் காத்து, காத்த நிலத்தில் பாதை போட்டால் ஒரே செலவில் இரண்டு பயன் கிடைக்கும் என்பதே அங்கு எடுத்துக்கொண்ட வாதம். இன்று அந்நகரின் பாதைகள் 160 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன.

ரயில் தடங்களுக்கு வேறொரு சிறப்பு உண்டு. ரயில் ஏற முடியாத ஏற்றத்தில் தண்டவாளம் போட்டிருக்க மாட்டார்கள் என்பதால், அத்தடங்களின் சரிவு பெரும்பாலும் மிகக் குறைவு, வளைவுகளும் விரிந்தவை. அமெரிக்காவில் வாஷிங்டன் நகருக்கு அருகில் தொடங்கி மேற்கே செல்லும் பழைய ரயில் தடத்தின் மீதான பாதை 72 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அட்லாண்டா நகரைச் சுற்றி ஏறத்தாழ 35 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட வளையப் பாதை, ரயன் கிராவல் என்ற மாணவர் 1999-ல் எழுதிய முதுகலை ஆய்வேட்டிலிருந்து பிறந்தது. பழைய ரயில் தடங்களை ஒன்று சேர்த்தால் ஊரைச் சுற்றி ஒரு வளையம் கிடைக்கிறது என்பதே அந்த ஆய்வின் கண்டுபிடிப்பு.

நிலம் மிகக் குறைந்த சிங்கப்பூர் செய்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 1990-களில் தொடங்கி, மழைநீர் வடிகால்களின் ஓரத்தில் பராமரிப்புக்காக ஒதுக்கப்பட்ட பட்டைகளையும் சாலையோர ஒதுக்கீடுகளையும் கொண்டே பூங்காக்களை இணைத்தார்கள். இணைப்புப் பாதைகளின் மொத்த நீளம் இன்று 300 கிலோமீட்டருக்கு மேல். 2011-ல் மலேசிய ரயில் சேவை நகருக்குள் வருவது நின்றதும், தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரையிலான 24 கிலோமீட்டர் தடம் துண்டாடப்படாமல் ஒரே பசுமைத் தடமாக வைக்கப்பட்டது. நீண்ட நிலம் ஒருமுறை துண்டானால் அதை மறுபடி ஒட்டவைப்பது ஏறத்தாழ இயலாத காரியம் என்பதால், கட்டுவதற்குப் பணம் இல்லாத காலத்திலும் தடத்தைக் காப்பாற்றி வைப்பது முதல் கடமை.

படி 3: சேருமிடங்களையும் இடைவெளிகளையும் குறித்தல்

இரண்டாவது வரைபடத்தில் பள்ளி, நூலகம், மருத்துவமனை, சந்தை, ரயில் நிலையம், அடர்த்தியான குடியிருப்பு ஆகியவற்றைப் புள்ளிகளாக வையுங்கள். முதல் வரைபடத்தை இதன் மீது பரப்பினால் ஒரு சிக்கல் தெரியவரும். ஓடைகள் பள்ளத்தில் ஓடுகின்றன. கடைத்தெருவும் பள்ளியும் பெரும்பாலும் மேட்டில் இருக்கின்றன. எனவே ஓடையை மட்டும் பின்பற்றும் வலையமைப்பு அழகாக இருக்கும், ஆனால் எங்கும் கொண்டு சேர்க்காது. முதுகெலும்புப் பாதையிலிருந்து மேட்டுக்கு ஏறும் குறுகிய கிளைகள் இங்கேதான் தேவைப்படுகின்றன. முட்டுச்சந்தாக முடியும் குடியிருப்புத் தெருவின் கடைசி மனைக்கும் பாதைக்கும் இடையே முப்பது மீட்டர் கிளை போட்டால், அத்தெருவில் வாழ்பவர்களுக்குப் பாதையை அடையும் தொலைவு ஒரு கிலோமீட்டர் வரைகூடக் குறையலாம். செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் இத்தகைய கிளைகளுக்கு நிகர் வேறில்லை; ஆனாலும் திறப்பு விழாவுக்கு ஏற்ற அளவில் இல்லாததால் அவை எப்போதும் பின்தள்ளப்படுகின்றன.

அடுத்து இடைவெளிகளைப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொரு இடைவெளிக்கும் அதன் நீளம், அங்கே எதிர்ப்படும் தடை, அதை மூடினால் தொடர்ச்சியாகச் சேரும் மொத்த நீளம் ஆகியவற்றை எழுதுங்கள். நான்கு கிலோமீட்டர்ப் பாதையும் ஆறு கிலோமீட்டர்ப் பாதையும் 200 மீட்டர் இடைவெளியால் பிரிந்திருந்தால், அந்த 200 மீட்டரை மூடுவது பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரே பாதையைத் தருகிறது. ஊரின் மறுகோடியில் புதிதாக மூன்று கிலோமீட்டர் போடுவதைவிட இது எப்போதும் முன்னுரிமை பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இடைவெளி மூடப்படும் வரை அருகிலுள்ள அமைதியான தெருக்கள் வழியாக மாற்றுவழியைக் குறித்து, வழிகாட்டிப் பலகை வைப்பதையும் இதே கட்டத்தில் செய்துவிடலாம்.

படி 4: நில உரிமையைப் பெறுதல்

நிலத்தை முழுமையாக வாங்குவது, நில உரிமையாளரிடமிருந்து வழி உரிமையை மட்டும் பத்திரம் செய்து பெறுவது, புதிய மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும்போது பாதைக்கான பட்டையை ஒதுக்கச் சொல்வது என மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன. வளர்ந்துவரும் ஊர்களுக்கு மூன்றாவது முறையே அதிகம் கைகொடுக்கிறது. ஆனால் வலையமைப்பு வரைபடம் முறையாக ஏற்கப்பட்டிருந்தால் மட்டுமே மனைப்பிரிவு உரிமையாளரிடம் அதைக் கேட்க முடியும். வரைபடம் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் சில மனைப்பிரிவுகள் பாதைக்கு இடமில்லாமல் எழுந்துவிடும்.

இங்கே அடிக்கடி நிகழும் தவறு ஒன்று உண்டு. பாதாள சாக்கடைக் குழாய்க்காக நகரத்துக்கு ஏற்கெனவே வழி உரிமை இருக்கிறது, ஆகவே அதன் மீது பாதையும் போடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். குழாயைப் பதிக்கவும் பழுதுபார்க்கவும் கொடுத்த உரிமை, பொதுமக்கள் நடமாடும் உரிமையைத் தானாகத் தந்துவிடாது. பத்திரத்தின் சொற்களைப் படித்து, தேவையானால் புதிய பத்திரம் செய்ய வேண்டும். ரயில் தடங்களிலும் இதே சிக்கல் எழும். ரயில் ஓடும் வரைக்கும் மட்டும் கொடுக்கப்பட்ட உரிமை, ரயில் நின்றதும் பழைய உரிமையாளரின் வாரிசுகளுக்குத் திரும்பக்கூடும். அமெரிக்காவில் 1983-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தம், எதிர்காலத்தில் ரயில் மீண்டும் வரலாம் என்ற ஏற்பாட்டின் கீழ் தடத்தைப் பாதையாகப் பயன்படுத்த அனுமதித்து இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்த்தது. அந்த ஏற்பாட்டுக்குள் வராத ஒரு வயோமிங் மாநிலத் தடத்தைப் பற்றிய வழக்கில், அரசுக்கு அந்நிலத்தில் உரிமை மிஞ்சவில்லை என்று 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரங்களை ஆராயும் வழக்கறிஞருக்கு ஆகும் செலவைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்குவது அதனால்தான் அவசியம்.

பாதையை ஒட்டி வாழ்பவர்கள் திருட்டு, சத்தம், தனிமை இழப்பு ஆகியவற்றைப் பற்றிக் கவலை தெரிவிப்பார்கள். அவர்களை எதிரிகளாகக் கருத வேண்டியதில்லை. அளவை முளைக்குச்சிகளை நட்டு, அவர்களோடு அந்தக் கோட்டில் நடந்து, எந்தச் சாளரத்திலிருந்து பாதை தெரியும், எங்கே புதர்வேலி வைத்தால் மறையும், யாருடைய கொல்லைக்கு நேரடி வாசல் வேண்டும் என்று இடத்திலேயே பேசுவது, மண்டபத்தில் நடத்தும் பத்துக் கூட்டங்களைவிடப் பயன் தரும். முதலில் எதிர்த்தவரே பின்னர்த் தம் வீட்டுக்குத் தனிவாசல் கேட்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி.

படி 5: தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று அறிதல்

கோட்டை இறுதி செய்வதற்கு முன் நல்ல மழைக்கு மறுநாள் முழுத் தடத்தையும் நடந்து பார்ப்பது நல்லது. வரைபடத்தின் சமஉயரக் கோடுகள் காட்டாத ஊற்றுகளும், சேறு தேங்கும் பள்ளங்களும், மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கும் தாரைகளும் அப்போதுதான் தெரியும்.

வெள்ளப்படுகையில் பாதை போடும்போது மண்ணைக் கொட்டி மேடாக்குவது ஆபத்தானது. வெள்ளத்துக்கான இடத்தைக் குறைத்தால் எதிர்க்கரையிலோ மேல்பகுதியிலோ நீர்மட்டம் உயரும். அமெரிக்காவில் வெள்ளம் பாயும் முதன்மைத் தடத்துக்குள் எதைக் கட்டினாலும் நீர்மட்டம் உயராது என்று பொறியாளர் கணக்கிட்டுச் சான்றளிக்க வேண்டும். பாதை தரையோடு தரையாகக் கிடந்து, வெள்ளம் வந்தால் மூழ்கி, வடிந்ததும் மீண்டும் பயன்படும்படி அமைப்பதே பெரும்பாலும் அறிவார்ந்த தீர்வு. சதுப்பான இடங்களில் தூண்கள் மீது பலகை நடைபாலம் அமைக்கலாம். ஆனால் அது தரைப் பாதையைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும், ஈரத்தில் வழுக்கும், பலகைகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரையின் விளிம்பிலிருந்து தள்ளியே பாதையை வைக்க வேண்டும். ஓடைகள் இடம்பெயரும் இயல்புடையவை. வளைவின் வெளிப்புறக் கரை ஆண்டுதோறும் அரிக்கப்படும். விளிம்பிலிருந்து காட்சி அழகாகத் தெரிகிறது என்பதற்காக அங்கே தளமிட்டால், சில ஆண்டுகளில் தளத்தின் ஓரம் அந்தரத்தில் தொங்கும்.

படி 6: அகலம், சரிவு, வளைவு

இந்தத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பொறியாளர் கையேடுகள், இருவழிப் பகிர்வுப் பாதைக்குக் குறைந்தது 3 மீட்டர் அகலம் வேண்டும் என்கின்றன. கூட்டம் அதிகமாக எதிர்பார்க்கப்படும் இடங்களில் 3.6 முதல் 4.2 மீட்டர் வரை. 2.4 மீட்டருக்குக் குறைப்பது, இடநெருக்கடி உள்ள மிகக் குறுகிய பகுதிகளுக்கு மட்டுமே உரியது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு நடக்கும்போது எதிரே ஒரு மிதிவண்டி வந்து, பின்னாலிருந்து இன்னொன்று முந்த விரும்பினால், மூன்று மீட்டர் உடனே போதாமல் போகும். அதனால் ஊரின் நடுப்பகுதியில் தொடக்கத்திலேயே நான்கு மீட்டருக்குத் திட்டமிடுவது நல்லது. பின்னர் அகலப்படுத்துவதற்கு ஆகும் செலவு, முதலில் சேர்த்துப் போடுவதற்கு ஆவதைவிட மிக அதிகம்.

தளத்தின் இருபுறமும் குறைந்தது 0.6 மீட்டர் அகலத்துக்குச் சமதளமான ஓரம் இருக்க வேண்டும். மரம், கம்பம், பலகை எதுவும் அதற்குள் வரக் கூடாது. தலைக்கு மேல் 3 மீட்டர் வெற்றிடம் தேவை. பாதையின் ஓரத்துக்கு அருகில் செங்குத்தான பள்ளம் இருந்தால், இடையில் 1.5 மீட்டராவது விட வேண்டும், இல்லையேல் 1.07 மீட்டர் உயரத்துக்குக் கைப்பிடி வேலி அமைக்க வேண்டும்.

நீளவாட்டுச் சரிவு, அதாவது செல்லும் திசையில் பாதை ஏறி இறங்கும் சாய்வு, 5 விழுக்காட்டை (100 மீட்டருக்கு 5 மீட்டர்) தாண்டாமல் இருப்பது சக்கர நாற்காலியில் வருபவருக்கு உயிர்நாடியான விதி. ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கான குறுக்குச் சரிவு 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நாற்காலி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும், 1 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தண்ணீர் தேங்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய எல்லைக்குள் ரோலர் ஓட்டுபவர் வேலை செய்ய வேண்டியிருப்பதால், தளமிடும் நாளில் மட்டப்பலகையோடு ஒருவர் அங்கே நிற்பது வீண்செலவு ஆகாது.

சமதளத்தில் மிதிவண்டிகளின் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் என்று கொண்டு வடிவமைப்பது வழக்கம். அந்த வேகத்துக்கு வளைவின் ஆரம் ஏறத்தாழ 20 மீட்டர் இருக்க வேண்டும்; ஈரத் தளத்தில் ஒருவர் எதையேனும் கண்டு நிறுத்துவதற்கு ஏறத்தாழ 40 மீட்டர் தூரம் வேண்டும். வளைவின் உட்புறத்தில் புதர் அடர்ந்திருந்தால் அந்த 40 மீட்டர் கண்ணுக்குத் தெரியாது. வேகத்தைக் குறைப்பதற்காக வேண்டுமென்றே கூர்மையான திருப்பங்களை வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேகமாக வருபவரைவிட, எதிரே நடந்து வருபவரையே அதிகம் அச்சுறுத்துகிறது.

படி 7: தளமிடுதல்

தளத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியும் மேல்அடுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அடியில் உள்ள மண்ணும், அதன் மீது பரப்பும் ஜல்லியும், இவற்றிலிருந்து தண்ணீர் வெளியேறும் விதமுமே அதைத் தீர்மானிக்கின்றன. முதலில் புல், வேர், கரிம மண் அனைத்தையும் வழித்தெடுக்க வேண்டும். மக்கும் பொருள் எதுவும் அடியில் மிஞ்சினால் பின்னர் அங்கே தளம் அமிழும். அடிமண்ணைத் தகுந்த ஈரப்பதத்தில் ரோலரால் இறுக்கிய பிறகு, களிமண் நிலமாக இருந்தால் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன் மீது ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பல அளவு கலந்த ஜல்லியை அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்க வேண்டும். சேறு மேலேறி ஜல்லியோடு கலப்பதை அந்தத் துணி தடுக்கிறது. ஜல்லி அடுக்கு, மேல்தளத்தைவிட இருபுறமும் சற்று அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தளத்தின் ஓரங்கள் முதலில் உடையும்.

மேல்அடுக்குக்குத் தார்க்கலவை என்றால் 50 முதல் 75 மில்லிமீட்டர், கான்கிரீட் என்றால் 100 முதல் 150 மில்லிமீட்டர் தடிமன் வழக்கம். பாதையில் கார் ஓடாது என்பதால் மெல்லியதாகப் போடலாம் என்ற வாதத்தை ஏற்க வேண்டாம். பராமரிப்பு லாரியும் ஆம்புலன்சும் அதே தளத்தின் மீதுதான் வரும். பாலங்களின் தாங்குதிறனையும் அவற்றைக் கருதியே கணக்கிட வேண்டும்.

இரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்கு இடத்தைப் பொறுத்தே விடை சொல்ல முடியும். தார்த்தளம் தொடக்கச் செலவில் குறைவு, ஓடுபவர்களின் மூட்டுகளுக்குச் சற்று இதம், பழுதுபார்ப்பதும் எளிது. ஆனால் மரவேர்கள் அதை எளிதில் உயர்த்திப் பிளக்கும், வெள்ள நீர் அடியிலிருந்து அரித்தால் துண்டு துண்டாகக் கழன்று போகும். கான்கிரீட் இவ்விரண்டையும் அதிகம் தாங்கும், நெடுங்காலம் உழைக்கும். எனவே அடிக்கடி மூழ்கும் பகுதிகளிலும் சுரங்கப்பாதைகளிலும் கான்கிரீட்டும், மேட்டுப் பகுதிகளில் தாருமாகக் கலந்து போடுவது பல நகரங்களின் வழக்கம். கான்கிரீட்டில் மூன்று மீட்டருக்கு ஒருமுறை, தடிமனில் கால் பங்கு ஆழத்துக்கு வெட்டுக்கோடு இட வேண்டும். அதை அச்சுக்கட்டியில் அழுத்தி உருவாக்காமல் ரம்பத்தால் வெட்டினால், சிறு சக்கரங்கள் ஒவ்வொரு கோட்டிலும் தடதடக்காது. சக்கர நாற்காலியிலும் ஸ்கேட்டிலும் வருபவர்கள் இந்த வேறுபாட்டை முதல் நிமிடத்திலேயே உணர்வார்கள்.

மேட்டுப்பக்கம் வடிகால் வெட்டி, தாழ்வான இடங்களில் பாதைக்கு அடியில் குழாய் பதித்து, தண்ணீர் தளத்தின் மீது ஓடாமல் கடக்கச் செய்வதையும் இந்தக் கட்டத்திலேயே முடிக்க வேண்டும். சாக்கடைத் தடத்தின் மீது போடும் பாதையில் மேன்ஹோல் மூடிகள் வரும். அவற்றைத் தளத்தின் மட்டத்துக்கு உயர்த்துவதோ, கோட்டைச் சற்று நகர்த்தி விலக்குவதோ தளமிடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

படி 8: சாலைகளைக் கடத்தல்

வலையமைப்பின் வெற்றி தோல்வி இந்தப் படியில்தான் இருக்கிறது. வரவுசெலவில் பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுவே என்பதால், கடப்புகளுக்கான தொகையைப் பாதையின் தொகையிலிருந்து பிரித்து, தனி இனமாகக் காட்டுவது நல்லது.

சாலையின் கீழே போவது, மேலே போவது, சமமட்டத்தில் கடப்பது என மூன்று வழிகள் உள்ளன. வாய்ப்பிருந்தால் கீழே போவதையே தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்குக் காரணம் எளிய கணக்கு. லாரிகள் செல்லும் சாலைக்கு மேலே பாலம் அமைத்தால் ஏறத்தாழ 6 மீட்டர் ஏற வேண்டும். 5 விழுக்காட்டுச் சரிவில் அதற்கு ஒவ்வொரு புறமும் 120 மீட்டர் சாய்தளம் தேவை. சுரங்கப்பாதைக்கு மனிதர் உயரத்தைக் கருதி 3 மீட்டர் வெற்றிடம் போதும். கூரையின் தடிமனையும் சேர்த்து நான்கு மீட்டருக்குள் இறங்கினால் போதுமானது. அதோடு இறங்கும்போது கிடைக்கும் வேகம் மறுபுறம் ஏறுவதற்கு உதவும். சாலையை ஏற்கெனவே ஓடை கடக்கும் இடத்தில் பாலம் ஒன்று இருக்கும். அந்தப் பாலத்தைப் புதுப்பிக்கும்போது ஓடையின் பக்கத்தில் பாதைக்கும் ஒரு கண் சேர்த்துக் கட்டச் சொல்வதே மிக மலிவான சுரங்கப்பாதை. அந்த வாய்ப்பு பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், நெடுஞ்சாலைத் துறையின் பாலப் புதுப்பிப்புப் பட்டியலை வலையமைப்பின் திட்டக்குழு ஆண்டுதோறும் வாங்கிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் 70-க்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. அவற்றில் பல ஓடைகளோடு சேர்ந்து செல்வதால், வெள்ளக் காலத்தில் தண்ணீர் கடந்து போகவும் பயன்படுகின்றன. அத்தகைய நேரங்களில் மூடுவதற்கான கதவும், மேலே சாலை மட்டத்தில் மாற்றுக் கடப்பும் கட்டாயம் வேண்டும்.

சுரங்கப்பாதை அகலமாகவும் நேராகவும் இருக்க வேண்டும். உள்ளே நுழையும் முன்பே மறுமுனையின் வெளிச்சம் தெரிய வேண்டும். பாதையின் அகலத்தோடு இருபுற ஓரங்களையும் சேர்த்துக் குறைந்தது 4.2 மீட்டர் என்பது நடைமுறை அளவு. பகலிலும் உள்ளே விளக்கு எரிய வேண்டும்.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரின் ஏறத்தாழ 9 கிலோமீட்டர்ப் பசுமைப் பாதை இந்தப் படிக்கு நல்ல பாடம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் போவதற்காக வெட்டப்பட்ட பள்ளத்தில் அது ஓடுவதால், நகரின் குறுக்குத் தெருக்கள் பலவும் அதன் தலைக்கு மேல் பாலங்களாகக் கடக்கின்றன. பாதையில் செல்பவர் நிற்க வேண்டியதே இல்லை. அந்தப் பள்ளம் இல்லாத கிழக்குப் பகுதியில் ஹயவாதா அவென்யூ என்ற பெரிய சாலை குறுக்கிட்டது. அதன் மேல் 2007-ல் கம்பிவடப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். ஒரே ஒரு சாலைக்காக அவ்வளவு செலவா என்ற கேள்வி இயல்பாக எழும். பாதை அந்த இடத்தில் அறுந்திருந்தால் மற்ற எட்டு கிலோமீட்டரின் மதிப்பும் குறைந்திருக்கும் என்பதே அதற்கு என் விடை.

பெரும்பாலான கடப்புகள் சமமட்டத்தில்தான் அமையும். அங்கே பாதை சாலையைச் செங்குத்தாக வெட்ட வேண்டும், இரு தரப்பாரும் ஒருவரையொருவர் தொலைவிலிருந்தே பார்க்க வேண்டும். இரண்டு தடச் சாலையில் கடப்பை மேடையாக உயர்த்தினால் வண்டிகள் தாமாகவே மெதுவாகும். நான்கு தடச் சாலையின் ஆபத்து வேறு வகையானது: முதல் தடத்தில் வண்டி நின்று வழி விடும்போது, அது மறைத்துவிடுவதால் இரண்டாம் தடத்தில் வரும் வண்டி நடப்பவரைக் காண்பதில்லை. நிறுத்தக் கோட்டைக் கடப்பிலிருந்து 6 முதல் 15 மீட்டர் பின்னால் வைப்பதும், சாலை நடுவில் தீவுத்திட்டு அமைத்து ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் கடக்கச் செய்வதும், பொத்தானை அழுத்தினால் மின்னும் விளக்கு வைப்பதும் இதற்கான மருந்துகள். தீவுத்திட்டு கடக்கும் திசையில் 3 மீட்டர் நீளம் இருந்தால்தான், பின்னால் குழந்தை இழுவண்டி கட்டிய மிதிவண்டி அதில் முழுமையாக நிற்க முடியும்.

யார் நிற்க வேண்டும் என்பதை எண்ணிக்கையே தீர்மானிக்கட்டும். ஒரு நாளைக்குச் சில வண்டிகள் மட்டும் செல்லும் வீட்டு வாசல் வழியிலும் சந்திலும்கூடப் பாதையில் செல்பவரே நிற்க வேண்டும் என்று பலகை வைத்தால், யாரும் அதை மதிக்க மாட்டார்கள்; பிறகு உண்மையிலேயே ஆபத்தான கடப்பிலுள்ள பலகையும் மதிப்பிழக்கும். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் 1970-களிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் பாதைகள் போடப்பட்டன. பெருஞ்சாலைகளைக் கடக்க அங்கே நல்ல சுரங்கப்பாதைகள் உண்டு. ஆனால் சிறு தெருக்களைச் சந்திக்கும் இடமெல்லாம் வேகம் குறைத்து வழிவிட வேண்டியிருப்பதும், திருப்பங்களில் பார்வை மறைவதும் நெடுங்காலக் குறைகளாகவே இருந்துவருகின்றன.

வண்டிகள் நுழையாமலிருக்கப் பாதையின் வாயிலில் இரும்புத் தூண் நடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. உண்மையில் அந்தத் தூணே மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு விபத்துக் காரணமாகிறது, முக்கியமாக இருட்டில். வண்டி நுழைவது நிரூபணமான சிக்கலாக இருந்தால் மட்டும் தூண் வையுங்கள். அப்போதும் இருபுறமும் 1.5 மீட்டர் இடைவெளியும் ஒளிரும் பட்டையும் இருக்கட்டும். வாயிலில் பாதையை இரண்டு குறுகிய கிளைகளாகப் பிரித்து, நடுவில் தாழ்வான செடித்திட்டு வைப்பது இதைவிட மேல். கார் ஓட்டுநருக்கு அது சாலை போலவே தோன்றாது.

படி 9: வழிகாட்டி, விளக்கு, நடைமுறை விதிகள்

ஒவ்வொரு சந்திப்பிலும் சேருமிடத்தின் பெயரும் தொலைவும் எழுதிய பலகை போதும். பாதைகளுக்குச் சூட்டும் அலங்காரப் பெயர்கள் புதிதாக வருபவருக்கு உதவுவதில்லை. சீரான இடைவெளியில் எண்ணிட்ட குறியீட்டுக் கற்களை வைத்து, அதே எண்களை ஆம்புலன்ஸ், காவல் ஆகிய கட்டுப்பாட்டு அறைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். முகவரி இல்லாத ஓடைக்கரையில் விழுந்து கிடப்பவர் தாம் இருக்கும் இடத்தைச் சொல்ல வேறு வழியில்லை.

விளக்கு முழுவதற்கும் வைக்க முடியாவிட்டால் சுரங்கப்பாதை, சாலைக் கடப்பு, சந்திப்பு ஆகியவற்றில் முதலில் வையுங்கள். ஓடைக்கரைப் பகுதிகளில் ஒளி மேலும் பக்கமும் சிதறாமல் தரையை மட்டும் நோக்கும் மூடியிட்ட விளக்குகளே உயிரினங்களுக்குத் தொல்லை தராதவை.

விதிகளைக் குறைவாக வையுங்கள்: அந்தந்த நாட்டுச் சாலை வழக்கப்படி ஒரே பக்கமாகச் செல்லுதல், முந்தும்போது மணியடித்தல், நாயைக் குறுங்கயிற்றில் பிடித்தல், நிற்கும்போது தளத்தைவிட்டு ஓரத்துக்கு விலகுதல். மின்மிதிவண்டிகளுக்கு வண்டியின் வகையைக் கொண்டு தடை போடுவதைவிட வேக வரம்பு வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

படி 10: பராமரிப்பு

ஆண்டுப் பராமரிப்புத் தொகை உறுதியாகாமல் முதல் மீட்டரைக்கூடக் கட்டத் தொடங்கக் கூடாது. கட்டுவதற்கு வெளியிலிருந்து மானியம் கிடைக்கும், பெருக்குவதற்குக் கிடைக்காது.

வாராந்தர வேலை இலைகளை அகற்றுவதும் குப்பை எடுப்பதும். வளரும் பருவத்தில் ஓரப் புல்லையும், வளைவுகளின் உட்புறப் புதரையும் மாதந்தோறும் வெட்ட வேண்டும்; முன்பு சொன்ன 40 மீட்டர்ப் பார்வை ஒரே மழைக்காலத்தில் மறைந்துபோகும். வெள்ளம் வடிந்ததும் படிந்த வண்டலை ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட வேண்டும், காய்ந்தால் இறுகிப்போகும், மறுபடி நனைந்தால் வழுக்கும். பாலங்களின் பலகைகள், ஆணிகள், கைப்பிடிகள் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையும், தூண்களின் அடியில் மண் அரிப்பை ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பின்னும் பொறியாளர் பார்க்க வேண்டும். தார்த்தளத்தின் விரிசல்களை அவை விரல் நுழையும் அளவுக்கு விரியும் முன் அடைத்தால் தளத்தின் ஆயுள் கூடும். வேர் உயர்த்திய இடத்தை உடனே சீவி மட்டப்படுத்தி, பளிச்சென்ற வண்ணத்தில் குறியிட்டு, பின்னர் வேர்த்தடுப்பு வைத்து நிரந்தரமாகச் சரிசெய்யலாம்.

அகச்சிவப்பு எண்ணும் கருவிகளைச் சில இடங்களில் ஆண்டு முழுவதும் வைத்தால், எந்தப் பகுதியில் எந்த நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது தெரியும். ஓர் இடைவெளியின் இருபுறமும் எண்ணிக்கை திடீரென்று விழுந்தால், அங்கே மக்கள் திரும்பிவிடுகிறார்கள் என்று பொருள். அடுத்த ஆண்டின் பணத்தை எங்கே செலவிடுவது என்பதை முடிவு செய்ய அந்த எண்களே போதும். பழுதுக்காகப் பாதையை மூடும்போது, மூடும் தேதிக்கு முன்பே இரு முனைகளிலும் அறிவிப்பு வைத்து, ஒரு குழந்தையால் ஓட்டிச் செல்லக்கூடிய மாற்றுவழியைக் குறித்துக் கொடுங்கள். சாலையை மூடும்போது கார்களுக்குச் செய்யும் ஏற்பாட்டை இவர்களுக்கும் செய்ய வேண்டும்.